திருகோணமலை என்றொரு கப்பல்

கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கையின் மகன், திருகோணமலையில் ஒரு பழைய படகு விலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அதைப் பார்க்கப் போகும்போது என்னையும் அழைத்துச் சென்றான். முப்பத்தாறு அடி நீளம். முன்புறத்தில் இருவர் படுத்துறங்கத்தக்க சிற்றறை, அதன் பின்னே சிறியதொரு சமையல் மேசை, அடியில் இரண்டு டீசல் எஞ்சின்கள். நிலாவெளிக்கு அப்பால் உள்ள புறாத்தீவுக்கும், பருவகாலத்தில் திமிங்கிலம் பார்க்கவும் உல்லாசப் பயணிகளை அழைத்துச் செல்லலாம் என்பது அவனுடைய எண்ணம். பத்து ஆண்டுகளாகக் குளிர்தேசத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தின் பெரும்பகுதியை அந்தப் படகில் இடுவதற்கு அவன் ஆயத்தமாக இருந்தான்.

படகின் உரிமையாளர் நல்ல மனிதர், விற்கத் தெரிந்தவரும்கூட. பக்கப் பலகையைத் தட்டிக் காட்டி, "தேக்கு ஐயா, தேக்கு. நூறு வருஷம் போனாலும் ஒன்றும் ஆகாது" என்றார். மருமகன் என்னைப் பார்த்தான். "உண்மையோ, மாமா?" என்று கேட்டான்.

படகுத் தொழில் அறிந்தவன் அல்லன் நான். முப்பது ஆண்டுகள் செய்தித்தாளில் எழுதியவனுக்குக் கேள்விக்கு விடை தேடும் பழக்கம் மட்டுமே மிச்சம். ஆனால் இந்தக் கேள்விக்கான விடையை நம் ஊரின் பெயரையே தாங்கிய ஒரு கப்பல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது அப்போது நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், ஹார்ட்டில்பூல் என்னும் துறைமுக நகரில் இன்றும் மிதந்துகொண்டிருக்கும் 'திருகோணமலை' என்ற போர்க்கப்பலே அது. ஆங்கிலேயர் வாயில் 'டிரிங்கோமலி'. தண்ணீரில் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் அதுவே மிகப் பழையது.

அந்தப் பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1782ஆம் ஆண்டு நம் துறைமுகத்துக்குப் பொல்லாத ஆண்டு. சனவரியில் ஆங்கிலேயர் அதனை ஒல்லாந்தரிடம் இருந்து பறித்தனர். ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுப்ரேன் அதனை ஆங்கிலேயரிடம் இருந்து பறித்தார். செப்டம்பர் 3ஆம் நாள் சுப்ரேனின் கப்பல்களும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸின் கப்பல்களும் துறைமுகத்துக்கு வெளியே மோதின. முடிவு எவருக்கும் தெளிவான வெற்றியன்று. எனினும் அந்தக் கடற்சமரின் நினைவாகவே பின்னாளில் ஒரு கப்பலுக்கு நம் ஊர்ப்பெயரைச் சூட்டினர். அந்தக் கப்பலின் வடிவமும் அதே 1782இல் பிரெஞ்சியரிடம் இருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய 'ஹீபே' என்ற கப்பலைப் பார்த்து வரையப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

நெப்போலியனோடு நடந்த நீண்ட போரில் இங்கிலாந்தின் ஓக் மரக் காடுகள் வெறுமையாகிவிட்டன. ஆகவே 1812 ஒக்டோபரில் கப்பலைக் கட்டும் ஆணை பம்பாய்க்குப் போயிற்று. அங்கே வாடியா என்னும் பார்சிக் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டி வந்தனர். முதலில் அனுப்பப்பட்ட வரைபடங்கள் 'ஜாவா' என்ற கப்பலோடு போயின. அந்தக் கப்பலை அமெரிக்கரின் 'கான்ஸ்டிடியூஷன்' அதே ஆண்டு டிசம்பரில் பிரேசிலுக்கு அப்பால் அழித்தது. மறுபடியும் வரைபடம் அனுப்பி, வேலை தொடங்கியது 1816 ஏப்ரலில். தலைமைக் கப்பற்சிற்பி ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா, தம் சமய வழக்கப்படி, எழுத்துப் பொறித்த வெள்ளி ஆணியொன்றை ஏராக் கட்டையில் அறைந்து வேலையைத் தொடக்கிவைத்தார். 1817 ஒக்டோபர் 12ஆம் நாள் கப்பல் கடலில் இறங்கியது. கட்டுவதற்கான செலவு சுமார் 23,000 பவுண்.

மலபார்க் காடுகளின் தேக்கால் ஆனது அதன் உடல். தேக்கின் பெருமை அதன் வலிமையில் மட்டும் இல்லை. அதன் எண்ணெய்ப் பசையிலும் இருக்கிறது. ஓக் மரத்தில் உள்ள அமிலம், அதில் அறைந்த இரும்பை மெல்ல மெல்ல அரித்துவிடும். ஆணி தளர்ந்தால் பலகை தளரும்; பலகை தளர்ந்தால் கப்பல் போகும். தேக்கின் எண்ணெயோ இரும்பைக் காக்கிறது. உளுப்பையும் கடற்புழுவையும் நெடுங்காலம் தள்ளி நிற்கச் செய்கிறது. இந்த அளவில் நம் படகுக்காரர் சொன்னது பொய்யன்று.

ஆனால் கதை மரத்தோடு முடியவில்லை. கப்பல் 1819 ஏப்ரலில் போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்தபோது போர் ஓய்ந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. புத்தம்புதிய கப்பலுக்கு வேலை இல்லை. ஒதுக்கத்தில் கட்டிவைத்தனர். அங்கேயே கால் நூற்றாண்டுக்கு மேல் கிடந்தது. 1845இல் அதனை மீண்டும் எடுத்தபோது அது பழம்பாணிக் கப்பல் ஆகிவிட்டது. புதிதாக ஒன்றைக் கட்டுவதைக் காட்டிலும் இருப்பதைத் திருத்துவது மேல் என்று கடற்படையினர் கருதினர். பீரங்கிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, வலிமை மிக்கவற்றைப் பொருத்தினர். பின்புறத்தின் வடிவத்தை மாற்றினர். தரவரிசையிலும் அது ஒரு படி இறங்கியது. அந்த மாற்றத்தின் பயனாகப் பத்து ஆண்டுகள் கடலில் உழைத்தது. முதலில் வட அமெரிக்காவும் மேற்கிந்தியத் தீவுகளும், பின்னர் 1852 முதல் 1857 வரை பசுபிக் பெருங்கடலும் அதன் களங்கள்.

அதன் பிறகு நீராவிக் காலம். பாய்மரக் கப்பல் போருக்கு உதவாது. ஆனால் இளைஞருக்குக் கடற்பயிற்சி அளிக்க உதவும். 1860களின் தொடக்கத்தில் சண்டர்லாண்டிலும், 1862 முதல் 1877 வரை ஹார்ட்டில்பூலிலும், பின்னர் 1895 வரை சவுதாம்ப்டனிலும் அது பயிற்சிக் கப்பலாக நின்றது. அந்தப் பணியும் முடிந்ததும் 1897 மே மாதத்தில் உடைப்பதற்காக விற்கப்பட்டது. எண்பது ஆண்டுத் தேக்கு, மரத்தின் விலைக்குப் போயிற்று.

இந்த இடத்தில்தான் பழைய கப்பல்மேல் பித்துக் கொண்ட ஒரு தனிமனிதர் கதைக்குள் வருகிறார். வேல்ஸைச் சேர்ந்த செல்வந்தர் ஜெஃப்ரி வீட்லி காப் என்பவர், நெல்சனின் கொடிக்கப்பலாக இருந்த 'ஃபூட்ராயன்ட்' என்ற பழங்கப்பலை உடைப்போரிடம் இருந்து மீட்டு, பெருஞ்செலவில் செப்பனிட்டு, கடற்கரை நகரங்கள்தோறும் காட்சிக்கு வைத்துவந்தார். 1897 ஜூன் 16ஆம் நாள் பிளாக்பூல் கரையில் புயலில் சிக்கி அது சிதைந்தது. வேறொருவராய் இருந்தால் அத்தோடு கையை உதறியிருப்பார். காப் அதே ஆண்டில் உடைக்கக் காத்திருந்த இன்னொரு கப்பலை வாங்கினார். அதுதான் நம் 'திருகோணமலை'. திருத்தங்கள் செய்து, சிறுவர்களுக்கான பயிற்சிக் கப்பலாக்கி, ஃபால்மவுத் துறையில் நிறுத்தினார். ஆனால் தாம் இழந்த கப்பலின் நினைவாக அதற்கு 'ஃபூட்ராயன்ட்' என்று புதுப்பெயர் சூட்டினார். உயிர் பிழைத்த கப்பல், பெயரை இழந்தது.

காப் 1931இல் காலமானார். கப்பல் போர்ட்ஸ்மவுத்துக்குப் போனது. அங்கே அதற்கு அருகில் 'இம்ப்ளேக்கபிள்' என்ற இன்னொரு முதிய கப்பலும் நின்றது. அது டிரஃபால்கர் சமரில் பிரெஞ்சுப் பக்கம் நின்று போரிட்ட கப்பல். வரலாற்றுப் பெருமையில் நம்முடையதை விஞ்சியது. உலகப்போர் முடிந்த பின் அதனைப் பழுதுபார்க்கப் பணம் கிடைக்கவில்லை. 1949 டிசம்பரில் கடலுக்குக் கொண்டுபோய்க் குண்டுவைத்து மூழ்கடித்தனர். பெருமை அதனைக் காக்கவில்லை. பக்கத்தில் நின்ற நம் கப்பலோ சிறுவர்களை ஏற்றிக்கொண்டு 1986 வரை வேலை செய்தது.

தேக்குதான் காத்தது என்று வாதிடுவோர் இன்னொரு கப்பலையும் கருத்தில் கொள்ள வேண்டும். இதே வடிவத்தில் இங்கிலாந்தில் ஓக் மரத்தால் கட்டி 1824இல் கடலில் இறக்கிய 'யூனிகார்ன்' இன்றும் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் மிதக்கிறது. அது கடலோடிய கப்பல் அன்று. தொடக்கம் முதலே மேலே கூரை வேய்ந்து ஒதுக்கத்தில் வைத்திருந்தார்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. ஆகவே ஓக்கும் நின்றது. மரக்கலத்துக்குக் கீழே உள்ள உப்புநீரைவிட மேலே இருந்து ஒழுகும் மழைநீரே பெரிய பகை என்று நம் ஊர் ஓடாவிமாரும் சொல்வார்கள். ஆக, கூரை காத்தது ஒன்றை. வேலை காத்தது மற்றொன்றை. மரம் இரண்டுக்கும் துணை நின்றதே தவிர, தானாக எதையும் காத்துவிடவில்லை.

1987இல் நம் கப்பலை ஒரு மிதவையின் மேல் ஏற்றி ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்தனர். முன்னொரு காலத்தில் பயிற்சிக் கப்பலாக நின்ற அதே ஊர். 1992இல் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தனர். பத்து ஆண்டுகளுக்கு மேல் நடந்த திருப்பணி 2001இல் நிறைவேறியது. செலவு சுமார் ஒரு கோடியே ஐந்து லட்சம் பவுண். 23,000 பவுணுக்குக் கட்டிய கப்பல்! இடையில் பணத்தின் பெறுமதி பன்மடங்கு மாறிவிட்டது என்பது உண்மையே. ஆயினும் பழங்கலம் ஒன்றை வாங்க விரும்புவோர் இந்த இரு எண்களையும் ஒருமுறை அருகருகே எழுதிப் பார்க்கட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து சென்றிருந்தபோது ஹார்ட்டில்பூலுக்கும் போயிருந்தேன். கப்பலின் முகப்பில் தலைப்பாகை அணிந்த ஆசிய மனிதர் ஒருவரின் உருவம் இருக்கிறது. பின்புறத்தில் நம் ஊரின் பெயர். குளிர்காற்றில் நின்று அந்த எழுத்துகளை வாசித்தபோது என்னை அறியாமலே கண் கலங்கியது. பிறந்த ஊரை விட்டுப் பிரிந்தவர்களுக்கு அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்த வேளையில் நினைவுக்கு வந்தது நம்முடைய இன்னொரு கப்பல். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி'. 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்ற சிறு பாய்க்கலத்தில் உலகைச் சுற்றிய அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன், உலகின் துறைமுகங்களை எல்லாம் பார்த்த கண்ணால் தேர்ந்தெடுத்து வாங்கிய மரக்கலம் அது. அவரும் பெயரை மாற்றினார். தம் மனைவியின் பெயரால் 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' ஆக்கினார். வல்வை மாலுமிகள் பணியாற்றிய அந்தக் கப்பல் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அந்நியன் கட்டி அந்நியன் கடலில் உழைத்த கப்பல் நம் ஊர்ப்பெயரை மீட்டுக்கொண்டு நிற்கிறது. நம் கையால் கட்டிய கப்பலின் ஒரு பலகையைக்கூட நான் கண்டதில்லை. பழங்கலங்களைப் பற்றிய நம் அக்கறை எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மீண்டும் துறைமுகக் கரைக்கு வருகிறேன். இந்தக் கதையை எல்லாம் அன்று மாலையே மருமகனுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவன், "அப்ப வாங்கவோ, வேண்டாமோ?" என்றான். நியாயமான கேள்வி. மூன்று கேள்விகளுக்கு விடை கண்டபின் முடிவு செய் என்றேன்.

ஒன்று, மரம். தேக்கு என்ற சொல்லை நம்பாதே. நல்ல ஓடாவியார் ஒருவரைக் கூட்டிவந்து, படகைக் கரையேற்றி, பலகைதோறும் தட்டிப் பார்க்கச் சொல். உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும். மழைநீர் தேங்கும் மூலைகளைக் கத்தி நுனியால் குத்திப் பார்க்கட்டும். பலகைகளுக்கு இடையே திணித்த பஞ்சு எந்த நிலையில் இருக்கிறது, ஆணி எந்த உலோகம் என்பதையும் கேள். எஞ்சினை உரியவர் குளிர்ந்த நிலையில் இருந்து உன் கண்முன்னே இயக்கிக் காட்டட்டும்.

இரண்டு, வேலை. ஆண்டில் எத்தனை நாள் இது கடலுக்குப் போகும்? மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வீசும்போது எங்கே, எந்தக் கூரையின் கீழ் நிற்கும்?

மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தயங்கினேன், கேட்டேன். "நீ ரொறன்ரோவுக்குத் திரும்பிய பிறகு இதைப் பார்க்கப்போவது யார்?"

முதல் இரண்டுக்கும் அவனிடம் விடை இருந்தது. மூன்றாவதற்கு இல்லை. கப்பல் காத்த காப் தாமே அதற்குப் பொறுப்பாக இருந்தார். அவருக்குப் பின்னும் பொறுப்பேற்க ஆட்கள் இருந்தனர். கடல் கடந்து இருந்துகொண்டு காசோலை அனுப்பிக் காக்கக்கூடிய பொருள் அன்று மரக்கலம். வீடும் அப்படித்தான், ஊரும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அந்த முறை அவன் வாங்கவில்லை. "ஊரோட வந்து இருக்கேக்க வாங்குவன், மாமா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான். படகு இன்னும் விலைபோகாமல் அங்கேயே நிற்கிறது. போகும் வழியில் அவ்வப்போது பார்க்கிறேன். சென்ற மாரிக்குப் பின் யாரோ அதன்மேல் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அது நல்ல சகுனம்.