உருண்டை போச்சு, ஃபோகஸ் நின்னுச்சு

இன்னிக்கு எபிசோடுல ஒரு சின்ன உருண்டையோட வரலாறு.

முதல் ஆண்ட்ராய்டு போன் டி-மொபைல் ஜி1. எச்டிசி தயாரிச்சு, 2008 அக்டோபர்ல அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தொடுதிரை இருந்துச்சு, ஆனா திரையில கீபோர்டு கிடையாது. டைப் பண்ணணும்னா திரையைத் தள்ளி, அடியில இருக்கிற பட்டன் கீபோர்டைத் திறக்கணும். திரைக்குக் கீழே ஒரு டிராக்பால். அதை உருட்டினா ஆரஞ்சு நிற ஃபோகஸ் ஒவ்வொரு பட்டனா நகரும், அழுத்தினா தேர்வாகும்.

டெவலப்பருக்கு இதுல என்ன சிக்கல்? விரல் தொட்டா, திரையில எந்த இடம்னு தெரிஞ்சிடும். உருண்டை இடத்தைச் சொல்லாது. போன தடவைக்கு அப்புறம் எவ்வளவு நகர்ந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லும். ஒரு அம்புக்குறி கீயை ஒருமுறை அழுத்துறதுக்கு 1னு கணக்கு. அதனால பின்னங்களா வரும். ஒவ்வொரு ஆப்பும் இதைக் கூட்டிக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா?

ஆண்ட்ராய்டு டீம் செஞ்ச வேலை இதுதான்: ஆப் அந்த அசைவைக் கண்டுக்கலேன்னா, சிஸ்டமே அதை மேலே, கீழே, இடது, வலதுன்னு கீ அழுத்தமா மாத்திடும். அந்தத் திசையில அடுத்த பட்டனையும் அதுவே தேடிக்கும். தேடல் தப்பினா, 'கீழே போனா இந்த பட்டன்'னு லேஅவுட்ல ஒரு வரி எழுதினா போதும். ஹார்டுவேர் என்னன்னே ஆப்புக்குத் தெரிய வேண்டாம்.

2009 ஏப்ரல்ல ஆண்ட்ராய்டு 1.5 திரைக் கீபோர்டோட வந்தது. 2010 ஜனவரியில வந்த நெக்சஸ் ஒன்ல டிராக்பால் இருந்துச்சு. அதே வருஷக் கடைசியில வந்த நெக்சஸ் எஸ்ல இல்லை. விரல் ஜெயிச்சிடுச்சு.

ஆனா அந்த ஃபோகஸ் கோடு சாகலை. 2014ல ஆண்ட்ராய்டு டிவி வந்தப்போ, ரிமோட்டோட நாலு திசை பட்டன்களுக்கும் அதேதான் கைகொடுத்துச்சு. கை நடுக்கத்தால குறி பார்த்துத் தொட முடியாம, கீபோர்டை இணைச்சு போனைப் பயன்படுத்துறவங்களுக்கும் இன்னிக்கு வரை அதுதான் வழி. நாம சொந்தமா ஒரு பட்டன் வரைஞ்சு, தொடுதலை மட்டும் கவனிச்சு எழுதினா, ஃபோகஸ் அந்தப் பக்கமே வராது.

அதனால ஒரு வேலை பண்ணுங்க. ஒரு ப்ளூடூத் கீபோர்டை இணைச்சு, திரையைத் தொடாம, டேப்பும் அம்புக்குறியும் வச்சு உங்க ஆப்ல பணம் கட்டிப் பாருங்க. நீங்க போய்ச் சேர முடியாத பட்டன், யாரோ ஒருத்தருக்கு இல்லவே இல்லாத பட்டன்.