குடும்ப வன்முறையைக் காணும் குழந்தைகளுக்கான ஆதரவு: வில்லியனூர், பாகூர்

வில்லியனூரும் பாகூரும் புதுச்சேரி மாவட்டத்தின் கிராமப்புற கொம்யூன்கள். தாய் அடிபடும் வீட்டில் வளரும் குழந்தை, தன்மேல் ஓர் அடியும் விழாவிட்டாலும் பாதிக்கப்பட்டதே. வகுப்பில் தூங்கி வழியும்; யாராவது குரலை உயர்த்தினால் ஒடுங்கும்; மூன்றாம் வகுப்பிலும் பாயை நனைக்கும். ‘அப்பா குடிச்சிட்டு வந்தாரு’ என்பதோடு பேச்சை முடித்துக்கொள்ளும். சாராயக்கடைகள் உரிமத்தோடு நடக்கும் பகுதிதான். ஆனாலும் பழியைக் குடிமேல் மட்டும் போடுவது அடிப்பவருக்கே வசதி.

குழந்தையிடம் தெரியும் இந்த அறிகுறிகளை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் அங்கன்வாடி ஊழியர் அல்லது ஆசிரியர். வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது என்று வளர்ந்த பிள்ளையிடம் நேரடிக் கேள்வி பலிக்காது. படம் வரையவிட்டு, அருகில் இருந்தால் தானே பேசும். ஆயா, தாய்மாமன் வீடு நல்ல அடைக்கலம். ஊர்ப் பெரியவர்கள் ‘அனுசரிச்சுப் போம்மா’ என்று அனுப்பிவைக்கும் சமரசத்தில் குழந்தையின் பாதுகாப்பு பேசப்படுவதே அரிது.

அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181 உண்டு. 2006 அக்டோபர் 26 முதல் நடப்பிலுள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, நீதித்துறை நடுவர் குழந்தையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கலாம். தீங்கு நேரலாம் என்று கருதினால், தந்தை வந்து பார்ப்பதையும் அவர் மறுக்க வேண்டும். விசாரணையை மூடிய அறையில் நடத்த 16ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்கும் தாய்மாரிடம் முதலில் சொல்லவேண்டியது இதுதான்.