வாடகைக் கப்பலில் ஒரு கதைசொல்லி

பொருள் தேடிக் கடல் கடந்தோர் பலர். சமயம் பரப்பக் கடல் கடந்தோரும் பலர். மூச்சு தேடிக் கடலேறியவர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். ‘புதையல் தீவு’ என்னும் கதையால் உலகப் புகழ் பெற்ற இவர், 1888ஆம் ஆண்டில் உல்லாசப் பாய்மரக் கப்பல் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு பசிபிக் பெருங்கடலின் வெப்பமண்டலத் தீவுகளுக்குச் சென்றார். அவருடைய எழுத்தையும் எஞ்சிய வாழ்நாளையும் மாற்றியமைத்த பயணம் அது.

ஸ்டீவன்சன் 1850இல் எடின்பரோ நகரில் பிறந்தார். கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர் குடும்பம் அது. எனவே கடல் அவருக்குப் பரம்பரைச் சொத்து எனலாம். உடல்நலம் மட்டும் வாய்க்கவில்லை. இளமை முதலே நுரையீரல் நோய் வாட்டியது. இருமலோடு இரத்தம் வரும். காசநோய் என்றே பலரும் கருதினர். 1887இல் தந்தை மறைந்தபின் அமெரிக்கா சென்று, சாரனாக் ஏரிக்கரையில் மருத்துவர் ட்ரூடோவின் கண்காணிப்பில் ஒரு பனிக்காலத்தைக் கழித்தார். பனி சூழ்ந்த அக்குடிலில்தான் தென்கடல் பயணத் திட்டம் உருவாயிற்று. பதிப்பாளர் மெக்ளூர், தீவுகளிலிருந்து எழுதும் கடிதங்களை இதழ்களில் வெளியிட முன்வந்ததோடு, தென்கடல் பற்றிய நூல்களையும் அனுப்பி ஊக்குவித்தார்.

கப்பல் தேடும் பொறுப்பு மனைவி ஃபேனியைச் சேர்ந்தது. கடற்பயணம் அவருக்கு அறவே ஒவ்வாது. ஆயினும் கணவரின் பொருட்டுச் சான்பிரான்சிஸ்கோவில் முயன்றார். ‘காஸ்கோ’ என்னும் இருபாய்மரக் கப்பல் மாதம் 750 டாலருக்குக் கிடைக்கும், பத்து நாளில் புறப்படலாம், உடன் விடை தருக எனத் தந்தியடித்தார். நியூஜெர்சியில் இருந்த ஸ்டீவன்சன் கப்பலை எடுத்துக்கொள்ளும்படி மறுதந்தி அனுப்பினார். அப்பயணத்துக்கு அவர் ஒதுக்கியது 2,000 பவுன். நலம் பெறாவிடில் பணமும் போயிற்று, இனித் தேறுவதற்கில்லை என்பதும் உறுதியாயிற்று என்னும் கருத்துப்படவே நண்பர் பாக்ஸ்டருக்கு எழுதினார். உல்லாசப் பயணம் எனப் பிறர் கண்டது, உயிரைப் பணயம் வைத்த இறுதி ஆட்டமாக இருந்தது.

கப்பலின் உரிமையாளர் மருத்துவர் சாமுவேல் மெரிட், ஓக்லண்டு நகரின் முன்னாள் மேயர். எழுத்தாளர் என்றதும் அவர் தயங்கினார். நேரில் கண்டு பேசிய பின்னரே இசைந்தார். தம் கப்பல் தலைவர் ஓடிஸே செலுத்த வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. காஸ்கோ 95 அடி நீளமுடையது; அதன் கூடத்தில் செவ்வண்ண வெல்வெட்டு மெத்தைகளும் நிலைக்கண்ணாடிகளும் பொலிந்தன. ஸ்டீவன்சனோடு அவர் அன்னை, மனைவி, மனைவியின் மகன் லாயிடு, பணிப்பெண் ஆகியோர் ஏறினர். 1888 ஜூன் 28இல் கப்பல் புறப்பட்டது. சரியாக ஒரு மாதத்தில், ஜூலை 28 விடியலில், மார்க்கேசாஸ் கூட்டத்து நூக்கு ஹீவாத் தீவை அடைந்தது.

அனாஹோ விரிகுடாவில் தீவு மக்கள் கப்பலில் ஏறிக் கைவினைப் பொருள்களை விலை கூறினர். வாங்குவாரில்லை. இத்துணை அழகிய கப்பலில் பணமில்லையா என ஒருவன் எள்ளி நகைத்தான். அந்த எள்ளலைத் தம் நூலில் மறைக்காமல் எழுதினார் ஸ்டீவன்சன். அதைவிட ஆழமாக அவரைத் தைத்தது மற்றொன்று. நானூறு பேர் கொண்ட ஹாப்பா என்னும் குடியைப் பெரியம்மையும் அடுத்துக் காசமும் தாக்கி, இருவரை மட்டுமே மிச்சம் வைத்த செய்தியை அங்கே கேட்டார். எந்த நோய்க்கு அஞ்சி அவர் அத்தீவுகளை நாடினாரோ, அதே நோய் அம்மக்களை அழித்துக்கொண்டிருந்தது. தம் ஸ்காத்லாந்து மலைநாட்டு மக்கள் ஆட்சியும் படைக்கலமும் பழக்கவழக்கமும் இழந்து நின்ற நிலையை இவர்களோடு ஒப்பிட்டார். தம் நாட்டுப் பழங்கதை ஒன்றைச் சொல்லி, ஈடாக அவர்களது கதையைப் பெறும் வழக்கமும் அவருக்கு அமைந்தது.

ஃபாக்கராவாத் தீவு வழியாகத் தாஹித்தி அடைந்தபோது நோய் முற்றியது. தௌத்திரா என்னும் ஊரில் மோயெ என்னும் அரசகுலப் பெண், பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றிலும் தேங்காய்ப்பாலிலும் பக்குவம் செய்து ஊட்டித் தேற்றினார். அவ்வூர்த் தலைவருள் ஒருவரான ஓரி, தம் வீட்டையே விட்டுக்கொடுத்தார். இந்நிலையில் கப்பலின் பாய்மரம் உளுத்திருப்பது தெரியவந்தது. அதுவரை புயலுக்குத் தப்பியது நற்பேறே. பழுதுபார்க்கக் காஸ்கோ பபேட்டேக்குச் சென்றது. வாரங்கள் கழிந்தன, கையிருப்பும் கரைந்தது. அனாஹோவில் எள்ளலாக வந்த சொல் இப்போது மெய்யாயிற்று. ஆனால் ஓரி எள்ளவில்லை. உடன்பிறந்தாரே, எனதெல்லாம் உமது, மீனும் கிழங்கும் வேண்டுமளவு உண்டு என்னும் பொருள்பட ஆறுதல் கூறினார். தாமே படகேறிப் பபேட்டே சென்று உணவுப்பொருளோடு மீண்டார். இருவரும் அந்நாட்டு வழக்கப்படி பெயர் மாற்றிக்கொண்டனர். ஓரி ‘ரூயி’ ஆனார். லூயி ‘தெரீத்தெரா’ ஆனார்.

1888 கிறிஸ்துமஸ் நாளில் தௌத்திராவை நீங்கிய கப்பல், 1889 ஜனவரியில் ஹொனலூலு சேர்ந்தது. வாடகைக் கணக்குத் தீர்க்கப்பட்டுக் காஸ்கோ சான்பிரான்சிஸ்கோவுக்குத் திரும்பியது, ஸ்டீவன்சன் திரும்பவில்லை. அடுத்து வணிகக் கப்பலில் கில்பர்ட் தீவுகளுக்குச் சென்றார். பின்னர்ச் சமோவாவில் வைலிமா என்னுமிடத்தில் குடியமர்ந்தார். தௌத்திராவில் கேட்ட பழங்கதையை ‘ராஹேரோவின் பாடல்’ எனக் கவிதையாக்கி ஓரிக்கே காணிக்கையாக்கினார். 1890இல் அது நூலில் வெளிவந்தது. சமோவா மக்களின் உரிமைக்காக இலண்டன் ‘டைம்ஸ்’ இதழுக்குக் கடிதங்களும் எழுதினார். அம்மக்கள் அவரைத் ‘துசித்தாலா’ என்றழைத்தனர். கதை எழுதுபவர் என்பது பொருள். 1894 டிசம்பர் 3இல் 44ஆம் அகவையில் அவர் மறைந்தபோது, அவர்களே காடு வெட்டிப் பாதை அமைத்து வயேயா மலையுச்சியில் அவரை அடக்கம் செய்தனர்.

காஸ்கோ பிற்காலத்தில் கைமாறிக் கைமாறி, 1919இல் பேரிங் கடலில் கிங் தீவருகே சிதைந்தழிந்தது. ஏழு மாத வாடகைக்குப் பெற்ற கப்பல் ஸ்டீவன்சனுக்கு ஆறாண்டு வாழ்வுக்கு வழிகாட்டியது. அவ்வழியில் அவர் பெற்ற உணவும் வீடும் பெயரும் கதைகளும் வாடகைக்குக் கிடைப்பன அல்ல. தாம் பெற்ற கதையைப் பாடலாக்கி, உரியவரிடமே திருப்பியளித்த அந்த நன்றியுணர்வு பாவலர் யாவரும் நெஞ்சிற் கொள்ளத்தக்கது.