வஞ்சிரம்னு வாங்கினது மார்லினா? குன்றத்தூர் மீன் கடை வரைக்கும் வரும் ‘மயில் மீன்’ குடும்பம்: முழு விளக்கம்

குன்றத்தூரில் மலை உண்டு, முருகன் கோயில் உண்டு, கடல் கிடையாது. கடற்கரையைப் பார்க்கணும்னா சாலை வழியா 20 கிலோமீட்டருக்கு மேல் போகணும். ஆனாலும் ஞாயிறு காலையில் மீன் கடைகளில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. காசிமேட்டில் இறங்கும் மீன் அங்கிருந்து நேராகவோ, வானகரம், சிந்தாதிரிப்பேட்டை சந்தைகள் வழியாகவோ ஐஸ் பெட்டியில் புறநகருக்கு வந்து சேர்கிறது.

அந்தப் பெட்டிகளில் சில நாட்களில் முள்ளே இல்லாத, தடிமனான, இளஞ்சிவப்புத் துண்டுகள் இருக்கும். கேட்டால் "மயில் மீன்" என்பார்கள். சில இடங்களில் "வஞ்சிரம் மாதிரிதான், வறுத்தா வித்தியாசமே தெரியாது" என்ற பதிலும் வரும். அந்தத் துண்டு பெரும்பாலும் மயில் மீனாகவோ அதன் உறவுக்கார மார்லினாகவோ இருக்கும். வஞ்சிரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. சாப்பிடக்கூடாத மீன் இல்லை; ஆனால் யார் சாப்பிடலாம், எப்படி வாங்கணும் என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டிய மீன்.

எத்தனை வகை?

மேல்தாடை நீண்டு, ஈட்டி போல முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மீன்கள் இவை. பலரும் அதைக் கொம்பு என்கிறார்கள். உண்மையில் அது தாடை எலும்புதான்.

முதுகில் மயில் தோகை விரித்த மாதிரி பெரிய துடுப்பு இருந்தால் அது மயில் மீன். சில ஊர்களில் மயில் கோலா என்பார்கள், கேரளத்தில் ஓலக்கொடி, இலங்கைச் சந்தையில் தலபத். தோகை சிறியதாக, உடம்பு பருமனாக இருந்தால் மார்லின். நம்ம பக்கம் இதைக் கொம்பன், கட்டக்கொம்பன் என்றும் கூப்பிடுகிறார்கள். ஆந்திராவில் இதன் பெயர் கொம்மு கோணம். ‘கோணம்’ என்றால் தெலுங்கில் வஞ்சிரம். அதாவது கொம்பு வைத்த வஞ்சிரம்! வஞ்சிரத்தோடு சேர்த்துப் பேசுவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை என்பது இந்தப் பெயரிலேயே தெரிகிறது.

இந்தியப் பெருங்கடலில் மூன்று மார்லின்கள் உண்டு: கருப்பு மார்லின், நீல மார்லின், வரி மார்லின். கருப்பு மார்லினின் அறிவியல் பெயரே ‘இஸ்டியோம்பாக்ஸ் இண்டிகா’.

நான்காவது உறவுக்காரர்தான் ஸ்பியர்ஃபிஷ், தமிழில் ஈட்டி மீன் எனலாம். பெயரில்தான் ஈட்டி. நம்ம கடலில் உள்ள வகைக்குத் தாடை ரொம்பக் குட்டை, கீழ்த்தாடையைவிடக் கொஞ்சம்தான் நீளம். உடம்பும் ஒல்லி. கரையை ஒட்டி வருவதே அபூர்வம், முழுக்க முழுக்க நடுக்கடல் வாசி. அதனால் இதைப் பார்த்தவர்கள் குறைவு, ஆராய்ந்தவர்கள் அதைவிடக் குறைவு. மயில் மீன், மார்லின், ஈட்டி மீன் மூன்றும் ஒரே குடும்பம். வாள் மீன் மட்டும் தனிக் குடும்பம். அதன் தாடை வாள் போலத் தட்டையாக இருக்கும்.

குடும்பத்தில் பெண் மீன்தான் பெரியது. நீல மார்லினில் பெண் 500 கிலோவைத் தாண்டும். ஆண் 160 கிலோவைத் தாண்டுவதே அபூர்வம். தூண்டிலில் பிடிபட்ட கருப்பு மார்லினின் உலக சாதனை எடை சுமார் 707 கிலோ. 1953 ஆகஸ்டில் பெரு நாட்டின் காபோ பிளாங்கோவில் சிக்கியது. 70 வருடம் கடந்தும் அந்தச் சாதனை முறியடிக்கப்படவில்லை.

மணிக்கு 110 கி.மீ. வேகமா?

‘உலகின் அதிவேக மீன்’ என்று மயில் மீனைப் பற்றி யூடியூபில் நிறைய பார்த்திருப்பீர்கள். மணிக்கு 110 கிலோமீட்டர் என்ற அந்தக் கணக்கு பழைய தூண்டில்காரர்கள் காலத்தது, நம்ப முடியாதது. 2016ல் தசை சுருங்கும் வேகத்தை அளந்து பார்த்த ஆய்வில், இவற்றின் உச்ச வேகமே நொடிக்கு 10 மீட்டர் அளவில்தான் வந்தது. அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. ரோட்டில் நெரிசல் இல்லாத நேரத்து மாநகரப் பேருந்து வேகம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்புறம் எப்படி வேட்டையாடுகிறது? மத்தி போன்ற சின்ன மீன் கூட்டத்துக்குள் தாடையை மெதுவாக நுழைத்து, சட்டென்று பக்கவாட்டில் வெட்டும். குத்துவதைவிட வெட்டுவதுதான் இதன் பாணி. காயம்பட்ட மீன் பின்தங்கியதும் விழுங்கிவிடும். வரி மார்லின்கள் கூட்டமாக வேட்டையாடும்போது, தாக்கப் போகும் மீனின் உடல் வரிகள் மட்டும் பளிச்சென்று ஒளிர்வதை 2024ல் வெளியான ஆய்வு ஒன்று படம்பிடித்துக் காட்டியது. ‘இப்போ என் முறை’ என்று மற்றவற்றுக்குச் சொல்லும் சைகையாக அது இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

இன்னொரு விசேஷம்: கண்ணுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தசை, சுருங்கி விரிவதற்குப் பதிலா சூட்டை மட்டும் உண்டாக்குகிறது. மூளையும் கண்ணும் சூடாக இருப்பதால் குளிர்ந்த ஆழத்திலும் பார்வை மந்தமாகாது.

வலையில் சிக்கியபின் இது சாதாரண மீன் இல்லை. 2022 பிப்ரவரியில் விசாகப்பட்டினம் மாவட்டக் கடலில் தூண்டிலில் மாட்டிய ஒரு கொம்மு கோணத்தை படகில் ஏற்ற முயன்ற மீனவர், அது குத்தியதில் உயிரிழந்தார். கடைக்கு வரும் துண்டுக்குப் பின்னால் அந்த ஆபத்தும் இருக்கிறது.

நம்ம தட்டுக்கு எப்படி வருது?

தமிழ்நாட்டில் பெரும்பாலான மீனவர்கள் மார்லினைத் தேடிப் போவதில்லை. சூரையைத் தேடிப் போகும்போது கூடவே சிக்குவதுதான் அதிகம். இரண்டு வழி: ஒன்று, இரவில் கடலில் மிதக்கவிடும் செவுள் வலை. இன்னொன்று, பல கிலோமீட்டர் நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில் முள்களைத் தொங்கவிடும் ஆயிரங்கால் தூண்டில் முறை. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் மீனவர்கள் இந்த ஆழ்கடல் தொழிலில் பல தலைமுறையாகப் பேர் பெற்றவர்கள்.

பாக் நீரிணையில் இழுவலைப் படகுகளால் இலங்கையோடு தொடரும் பிரச்சினை தெரிந்ததே. அதற்கு மாற்றாக 2017ல் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து, 2,000 இழுவலைப் படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றும் திட்டத்தைக் கொண்டுவந்தன. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் மதிப்பீடு. 50 சதவீதம் மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, மீதியில் 20 வங்கிக் கடன், 10 மீனவர் பங்கு. திட்டம் எதிர்பார்த்த வேகத்தில் போகவில்லை. ஆனால் ஆழ்கடலுக்கு எத்தனை படகு கூடுகிறதோ அந்த அளவுக்கு மயில் மீனும் மார்லினும் கரைக்கு வரும் என்பது மட்டும் நிச்சயம்.

வேடிக்கையான ஒரு தகவல்: இந்திய மீன்வள அளவைத் துறையின் போர்ட் பிளேர் தளத்தில் உள்ள ஆய்வுக் கப்பலின் பெயரே ‘ப்ளூ மார்லின்’.

குறைந்துகொண்டு வருகிறதா?

இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் என்று ஒரு அமைப்பு செஷல்ஸ் நாட்டில் இருந்து இயங்குகிறது. இந்தியா 1995லேயே இதில் சேர்ந்துவிட்டது. 2018ல் இந்த ஆணையம் ஆண்டு வரம்பு வைத்தது: வரி மார்லின் 3,260 டன், கருப்பு மார்லின் 9,932 டன், நீல மார்லின் 11,930 டன், மயில் மீன் 25,000 டன். இது எல்லா நாடுகளுக்கும் சேர்த்து. கருப்பு மார்லினிலும் மயில் மீனிலும் பிடிப்பு இந்த வரம்பைத் தாண்டிய வருடங்கள் உண்டு. வரி மார்லின்தான் ரொம்ப மோசம். அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு, இருப்பு சரிந்துவிட்டது என்பது ஆணையத்தின் மதிப்பீடு.

60 சென்டிமீட்டருக்குக் குறைவான குட்டிகளைப் பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்றும் விதி சொல்கிறது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இரவு முழுக்கச் செவுள் வலையில் மாட்டிக் கிடந்த மீன், காலையில் வலையைத் தூக்கும்போது பெரும்பாலும் செத்துத்தான் இருக்கும். செத்த மீனைக் கடலில் எறிவதால் யாருக்கு என்ன லாபம் என்று மீனவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். விதியைவிட வலையை மாற்றுவதில்தான் விஷயம் இருக்கிறது.

நம்ம நாட்டில் இந்த மீனைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பட்டியலிடப்பட்ட திமிங்கலச் சுறா போன்றவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கர்ப்பிணிகள் சாப்பிடலாமா?

வேண்டாம் என்பதே பாதுகாப்பான பதில். காரணம் பாதரசம். கடலில் உள்ள பாதரசம் நுண்ணுயிர்கள் வழியாக மீதைல் பாதரசமாக மாறி, சின்ன மீனில் கொஞ்சம், அதைத் தின்னும் மீனில் இன்னும் கொஞ்சம் என்று ஏறிக்கொண்டே போகும். உச்சியில் இருக்கும் மார்லினில் அது சேர்ந்துவிடும். அமெரிக்க உணவு, மருந்துத் துறையின் சராசரி அளவில் மார்லினில் கிலோவுக்கு 0.485 மில்லிகிராம், மத்தியில் 0.013. அதாவது 30 மடங்குக்கும் மேல். அவை வங்கக் கடலில் எடுத்த அளவுகள் இல்லை என்றாலும், பெரிய வேட்டை மீனில் அதிகம், சின்ன மீனில் குறைவு என்ற கணக்கு எல்லாக் கடலுக்கும் ஒன்றுதான். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், 2018ல் மார்லினுக்கு கிலோவுக்கு 1.7 மில்லிகிராம் மீதைல் பாதரசம் என்று உச்சவரம்பு வைத்தது.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சின்னக் குழந்தைகள் மார்லினைத் தவிர்க்கணும் என்பது அமெரிக்கத் துறையின் அறிவுரை. கருவில் உள்ள குழந்தையின் மூளை, நரம்பு வளர்ச்சியை இது பாதிக்கும். மஞ்சள் போட்டுக் கழுவினாலும், எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் போகாது, ஏன்னா அது சதையிலேயே ஒட்டியிருக்கு. ‘முள் இல்லை, குழந்தைக்கு நல்லது’ என்று இதைத் தேடி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அவங்களுக்கு நெத்திலி, மத்தி மலிவும்கூட, நல்லதும்கூட. மற்ற பெரியவர்கள் எப்போதாவது ஒரு முறை சாப்பிடுவதில் பயப்பட ஒன்றுமில்லை.

சாப்பிட்டதும் முகம் சிவந்தால்?

இது பலருக்குத் தெரியாத விஷயம். சூரை, மார்லின் மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் கொஞ்ச நேரம் கிடந்தாலே சதையில் ஹிஸ்டமின் உருவாக ஆரம்பித்துவிடும். சாப்பிட்ட சில நிமிடங்களில் இருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவப்பது, அரிப்பு, தலைவலி, படபடப்பு வரலாம். ‘எனக்கு மீன் அலர்ஜி’ என்று நினைத்து வாழ்நாள் முழுக்க மீனையே விட்டவர்களும் உண்டு. உண்மையில் அந்த ஒரு துண்டு கெட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான். வறுத்தாலும் ஹிஸ்டமின் அழியாது, நாற்றத்தை வைத்தும் எப்போதும் கண்டுபிடிக்க முடியாது. மூச்சுத் திணறல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகணும்.

வஞ்சிரமா, மார்லினா: எப்படிப் பார்ப்பது?

வஞ்சிரத் துண்டு பொதுவா முழு வட்டமாக, நடுவில் ஒரே எலும்போடு இருக்கும். ஓரத்தில் மெல்லிய வெள்ளித் தோல். மார்லின் பெரிய மீன் என்பதால் முழு வட்டமாக வெட்டி விற்பது கடினம், கால் வட்டமாகவோ எலும்பில்லாத கட்டியாகவோதான் வரும். தோல் தடிமனாக, சொரசொரப்பாக, ஊசி போன்ற செதில்கள் உள்ளே புதைந்து இருக்கும். சதை இளஞ்சிவப்பு, நார் தடிமன். தோல் உரித்த துண்டு என்றால் பார்த்துச் சொல்வது கஷ்டம். அப்படி இருக்கும்போது வஞ்சிரம் விலை சொன்னால், தோலோடு உள்ள துண்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்க.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மேற்குக் கரையில் தடை ஜூன் 1ல்தான் தொடங்குகிறது. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் சென்னை புறநகரில் கிடைக்கும் பெரிய மீன் பலவும் கேரளா, கர்நாடகா பக்கமிருந்து லாரியில் வரும். கோடை வெயில், நீண்ட பயணம். அந்த இரண்டு மாதமும் துண்டு ஐஸுக்குள் புதைந்திருக்கிறதா, இல்லை பலகை மேல் காய்ந்துகொண்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க.