குமிழின் மேல் அச்சிட்ட பெயர்

வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கும் இசைப் பிரியர்களிடையே இன்று ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. ஒரே சாக்கெட்டில் முதலில் முல்லார்டு, அடுத்து டெலிஃபங்கன், பிறகு ரஷ்ய வால்வு என்று மாற்றி மாற்றிச் செருகி, எது பாடகியின் குரலை நெருக்கமாகக் கொண்டுவருகிறது, எதில் வயலின் கூர்மையாக ஒலிக்கிறது என்று கேட்டுப் பார்ப்பார்கள். இதை மேல்நாட்டு வசதிக்காரர்களின் பொழுதுபோக்கு என்று எழுதுவதே வழக்கம். சேர்வராயன் மலையையும் அதன் அடிவாரத்துச் சேலத்தையும் வைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது. இங்கே வால்வை மாற்றிப் பார்ப்பது ரசனையில் தொடங்கவில்லை. கிடைக்காத சாமானுக்குப் பதில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றியதில் தொடங்கியது. அந்த ஒப்பேற்றலைக் கூர்ந்து பார்த்தால், ஒழுங்காக வடிவமைத்த ஆம்ப்ளிஃபயரின் ஒலியில் வால்வுக் கம்பெனியின் பெயருக்கு உள்ள பங்கு மிகக் குறைவு என்றும், டிரான்ஸ்பார்மர், கண்டென்சர், வந்து சேரும் கரண்ட் ஆகியவற்றின் பங்கு மிகப் பெரிது என்றும் தெரியவரும். என் வாதம் அதுதான்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், மலை ஏறத் தொடங்கும் முன்பே, மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டுடியோ அது. 1937-ல் ‘சதி அகல்யா’, 1950-ல் ‘மந்திரி குமாரி’, 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்று அது எடுத்த படங்களின் பட்டியல் நீளம். திரை வரலாறு எழுதுபவர்கள் நடிகரையும் வசனகர்த்தாவையும் பேசுவார்கள், ஒலிக்கருவியைப் பேசமாட்டார்கள். மைக்கில் விழுந்த குரல் படச்சுருளில் கோடாக மாறும் வரை வழியெல்லாம் வால்வுதான். கொட்டகையில் அந்தக் கோட்டை மறுபடி குரலாக்கும் போட்டோசெல்லும் ஒரு கண்ணாடிக் குமிழ்தான். ஊர் ஊராகப் போன டூரிங் டாக்கீஸ், கல்யாண வீட்டு மைக்செட், கட்சிக் கூட்டத்து மேடை, எல்லாவற்றுக்கும் அதே சாமான், அதே மெக்கானிக். ‘ஹை-ஃபி’ என்ற சொல் இந்தப் பக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, வால்வின் சூட்டையும் அதன் ஆயுளையும் கையால் அறிந்த ஒரு தொழில் இங்கே வேரூன்றியிருந்தது.

அந்தத் தொழிலின் முதல் பிரச்சினை சாமான் கிடைப்பது. 6எல்6 என்ற பவர் வால்வை அமெரிக்காவின் ஆர்சிஏ 1936-ல் கொண்டுவந்தது. மேடை ஆம்ப்ளிஃபயர்களில் அது வெகுகாலம் ஓடியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவ உபரியாக 807 என்ற வால்வு ஏராளமாக வெளியே வந்தது. அது டிரான்ஸ்மிட்டருக்கென்று செய்யப்பட்ட, 6எல்6-இன் நெருங்கிய உறவு. ஃபிலமெண்ட் இரண்டுக்கும் 6.3 வோல்ட், 0.9 ஆம்பியர். சாக்கெட்டை மாற்றி, உச்சியில் இருக்கும் தொப்பிக்கு ஒரு வயர் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. இஎல் 34 வந்தபோது நிலைமை அவ்வளவு சுலபமில்லை. அதே எட்டுக்கால் சாக்கெட்டில் அது கச்சிதமாக உட்காரும். ஆனால் முதல் காலில் இருக்கும் மூன்றாவது கிரிட்டைக் கேத்தோடோடு இணைத்தாக வேண்டும். ஃபிலமெண்டும் 1.5 ஆம்பியர் கேட்கும், ஜோடிக்கு 1.8 ஆம்பியர் கொடுக்கச் சுற்றிய டிரான்ஸ்பார்மரிடம் 3 ஆம்பியர் கேட்டால் அது கொதிக்கும். 1957-ஐ ஒட்டி வந்த அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் இறக்குமதி லைசென்ஸ் இறுகியதும் இப்படிப்பட்ட கணக்குகள் அன்றாடமாயின. சென்னை மூர் மார்க்கெட்டில் எது கிடைத்ததோ அதற்கேற்ப சர்க்யூட் வளைந்தது. ரெக்டிஃபயர் வால்வு போனால் அந்த இடத்தில் பிஒய் 127 டையோடு இரண்டு ஏறும். வால்வு சூடாகும் முன்பே டையோடு முழு வோல்டேஜைக் கொடுத்துவிடும், அதுவும் பழைய அளவைவிடக் கூடுதலாக. வயதான எலக்ட்ரோலிடிக் கண்டென்சர் வெடித்த பிறகுதான் பலருக்கு அது புரிந்தது.

மலைமேல் பிரச்சினையே வேறு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் நிற்கும் இடத்தில் மெழுகு பூசிய பேப்பர் கண்டென்சர் ஈரத்தை இழுக்கும். ஆம்ப்ளிஃபயரின் இரண்டு கட்டங்களை இணைக்கும் கண்டென்சரில் 20 மெகா ஓம் அளவுக்குக் கசிவு வந்தால் போதும். ஒரு பக்கம் 200 வோல்ட் நிற்க, மறுபக்கத்து 470 கிலோ ஓம் ரெசிஸ்டரின் மேல் நாலரை வோல்ட்டுக்கு மேல் ஏறிவிடும். இஎல் 84 என்ற பவர் வால்வின் கிரிட்டுக்கு மொத்தமே சுமார் பத்து வோல்ட் மைனஸ்தான் வேண்டும். அதில் பாதி போய்விட்டால் வால்வின் பிளேட் சிவக்க ஆரம்பிக்கும், பாட்டு கரகரக்கும். அப்போது புது வால்வு போட்டால் சில நாள் நன்றாகப் பாடும், பிறகு அதுவும் சிவக்கும். வால்வு மட்டம் என்று பழி விழும். குற்றவாளி சில அணா கண்டென்சர். மின்கம்பி நீண்டு போய் முடியும் இடங்களில் கரண்டின் கதையும் இதேதான். 230 வோல்ட் 180-க்கு இறங்கினால் 6.3 வோல்ட் ஃபிலமெண்டுக்கு 4.9 தான் கிடைக்கும். வால்வின் பிளேட்டுக்குப் போகும் 300 வோல்ட் 235 ஆகும். பத்து வாட் ஆம்ப்ளிஃபயர் ஆறு வாட்டுக்கே திணறும். அந்த நிலையில் முல்லார்டையும் வேறொன்றையும் ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதுவது, பாதி வெந்த அரிசியை வைத்து நெல்லின் ரகத்தைச் சொல்வது மாதிரி.

வடிவமைப்பாளர்களும் இதைத்தான் வேறு வழியில் சொன்னார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹரால்ட் பிளாக் 1927-ல் கண்டுபிடித்த எதிர்ப் பின்னூட்டம், அதாவது வெளியே வரும் ஒலியில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளே அனுப்பிப் பிழையைக் குறைக்கும் முறை, பிறந்ததே வால்வுகள் சேர்க்கும் சிதைவையும் பெருக்க வேறுபாட்டையும் அடக்குவதற்காகத்தான். நீண்ட தூரத் தொலைபேசித் தடத்தில் நூற்றுக்கணக்கான ஆம்ப்ளிஃபயர் வரிசையாக நிற்கும்போது, ஒவ்வொரு வால்வும் தன் போக்கில் போனால் பேச்சு மிஞ்சாது. 20 டெசிபெல் பின்னூட்டம் உள்ள ஆம்ப்ளிஃபயரில் ஒரு வால்வின் பெருக்கம் 20 சதவீதம் குறைந்தாலும் வெளியே தெரிவது ஏறக்குறைய 2 சதவீதம்தான், டெசிபெல்லில் 0.2. எந்தக் காதுக்கும் அது எட்டாது. 1947-ல் இங்கிலாந்தின் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் டி.டி.என். வில்லியம்சன் வெளியிட்ட 15 வாட் ஆம்ப்ளிஃபயர்தான் வீட்டு ஹை-ஃபிக்கு அளவுகோல் வைத்தது. கேடி 66 வால்வு அதில் இருந்தது உண்மை. ஆனால் ஒலிச் சிதைவை 0.1 சதவீதத்துக்குள் நிறுத்தும் தரத்துக்கு அவர் முதன்மையாக நம்பியது அவுட்புட் டிரான்ஸ்பார்மரை. அதன் சுற்றுகளை எத்தனை பகுதியாகப் பிரித்து எப்படி இடையிடையே அடுக்குவது என்பதற்கே கட்டுரையில் அவ்வளவு கவனம். சுற்றத் தெரிந்தவன் கையில்தான் அந்த ஆம்ப்ளிஃபயர் இருந்தது.

இதற்கு மறுப்பு உண்டு, லேசானதும் அல்ல. வால்வை மாற்றினால் ஒலி மாறுவதைக் கேட்டவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்; எல்லோருக்குமா பிரமை? பிரமை என்று நான் சொல்லவில்லை. இசிசி 83-ஐக் கழற்றி அதே கால் அமைப்புள்ள இசிசி 82-ஐப் போட்டால் பெருக்கக் காரணி 100-லிருந்து 17-க்கு விழும். கேட்காமல் எப்படி இருக்கும்? அது ரகத்தின் வேறுபாடு, கம்பெனியின் வேறுபாடு ஆகாது. 300பி போன்ற ஒற்றை டிரையோடை வைத்து, பின்னூட்டமே இல்லாமல் கட்டும் ஆம்ப்ளிஃபயரில் வால்வின் குணம் நேரே ஸ்பீக்கருக்குப் போகும். அங்கே மாற்றிப் பார்ப்பவர் சொல்வதை ஒப்புக்கொள்ள வேண்டும். தட்டினால் டங்கென்று ஒலிக்கும் வால்வும், இரைச்சல் கூடிய வால்வும் எந்த ஆம்ப்ளிஃபயரிலும் தெரியும். ஆயுளிலும் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. முல்லார்டுக்குக் கூடுதல் விலை கொடுத்தவர்கள் ஏமாளிகள் இல்லை. ஆனால் ஒரு வால்வு கூடுதலாக 1 டெசிபெல் சத்தம் கொடுத்தால் அதையே ‘தெளிவு’ என்று காது எடுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்கும்வரை, கம்பெனிப் பெயருக்கு ஆதரவான சாட்சியத்தை முழுதாக ஏற்க முடியாது.

அந்தப் பெயரே எவ்வளவு தளர்வானது என்பதையும் பார்க்கலாம். முல்லார்டு 1927-லிருந்து பிலிப்ஸின் கையில் இருந்தது. ஒரு தொழிற்சாலையில் செய்த வால்வு இன்னொரு பெயர் தாங்கிய பெட்டியில் போவது அந்தக் குழுமத்தில் சகஜம். குமிழின் அடிப்பக்கத்தில் மங்கலாகப் பொறித்த இரண்டு வரிக் குறியீட்டில் ‘பி’ என்று இருந்தால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன், முக்கோணம் இருந்தால் நெதர்லாந்தின் ஹீர்லன். உள்ளே மின்வாய்களை அசையாமல் பிடித்திருக்கும் மைக்காத் தகட்டுக்கோ உலகமே கோடர்மாவையும் நெல்லூரையும் பெரிதும் நம்பியிருந்தது. ‘அசல் இங்கிலாந்துச் சரக்கு’ என்று பெருமை பேசுபவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். 1961-ல் பெங்களூர் ஜாலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது. இறக்குமதிச் சரக்குக்கு வழியில்லாதபோது போட்டுக்கொள்ளும் உள்ளூர்ச் சரக்கு என்ற அளவில்தான் அதற்கு இங்கே மதிப்பு இருந்தது. பிளாக்பர்னில் வால்வு உற்பத்தி நின்று, பழைய இருப்பும் கரைந்த பிறகு, அதே பெங்களூர் இஎல் 84-ஐ வெளிநாட்டு ரசிகர்கள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். வால்வுகள் அட்டைப்பெட்டியோடு கப்பல் ஏறுகின்றன. அவை இருந்த ஆம்ப்ளிஃபயர்களின் அவுட்புட் டிரான்ஸ்பார்மர்கள் தாமிர விலைக்குக் காயலான் கடையில் எடைக்குப் போயின.