கரையாச் சாயம் என்னும் சாட்சி: கலப்பு மிசெல் ஆய்வு வரலாற்றில் ஒரு குறிப்பு

சோப்புக் கரைசல்களின் மின்கடத்துதிறன் மிகுதி. சவ்வூடு பரவல் விளைவோ குறைவு. கரைந்த அயனிகள் திரள்கின்றன என்று கொண்டே இம்முரணை விளக்க இயலும் என 1913-இல் பிரிஸ்டலில் பணியாற்றிய ஜேம்ஸ் வில்லியம் மக்பெயின் கருதினார். அத்திரளே மிசெல். ஜி. எஸ். ஹார்ட்லி 1936-இல் வெளியிட்ட நூலில் அதனைக் கோளமாகக் கண்டார்: நீர் வெறுக்கும் வால்கள் உள்ளே, மின்னூட்டம் கொண்ட தலைகள் வெளியே.

கண்ணுக்குப் புலப்படாத இத்திரளுக்குக் கண்கூடான சாட்சியாக அமைந்தது, நீரில் ஏறத்தாழக் கரையாத சாயம். பின்னர் ஸ்டான்ஃபோர்டுக்குப் பெயர்ந்த மக்பெயினும் குழுவினரும் 1940-களில் இத்தகைய சாயங்களைக் கொண்டு விரிவாக ஆராய்ந்தனர். சாயப்பொடியைப் பரப்புச் செயலிக் கரைசலில் இட்டுக் குலுக்கி, கரையாத எச்சத்தை நீக்கி, நிறச்செறிவை அளப்பதே முறை. ஒரு செறிவு வரை நிறம் ஏறுவதில்லை. அதன்பின் ஏறத்தாழ நேர்கோட்டில் ஏறும். கோடு முறியும் புள்ளி மாறுநிலை மிசெல் செறிவு. கோட்டின் சாய்வோ மிசெல்லின் கொள்ளளவு. ஒரே வரைபடம் தரும் இவ்விரு செய்திகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது எளிது.

சாட்சியும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. பினாசயனால் குளோரைடின் நிறமாற்றத்தைக் கொண்டு மாறுநிலைச் செறிவைக் காணும் முறையை 1946-இல் காரின், கிளெவென்ஸ், ஹார்கின்ஸ் ஆகியோர் வெளியிட்டனர். 1955-இல் முகர்ஜியும் மைசெல்ஸும் அம்முறையை மறுமதிப்பீடு செய்து, சாயமே திரளும் செறிவை மாற்றிவிடுவதைக் காட்டினர். (இது நீரில் கரையும் நேர்மின் சாயம், ஆயினும் எச்சரிக்கை பொதுவானது.)

இரு பரப்புச் செயலிகள் கலக்கும்போது சிக்கல் கூர்மையடைகிறது. 1975-இல் கிளிண்ட் இலட்சியக் கலவைக்கான சமன்பாட்டைத் தந்தார். 1979-இல் ரூபிங் ஒழுங்குக் கரைசல் கொள்கையைப் புகுத்தி, இடைவினையைப் பீட்டா என்னும் ஒற்றை எண்ணால் குறித்தார். எதிர்மின் செயலியோடு அயனியிலிச் செயலி சேர்ந்தால், தலைகளுக்கிடையேயான விலக்கம் தணியும், பீட்டா எதிர்க்குறி பெறும், முறிவுப்புள்ளி தாழும். இதனைக் கூட்டுவினை என்கிறோம். ஆனால் பீட்டா கூறுவது மிசெல் எவ்வளவு எளிதில் உருவாகிறது என்பதையே. சாயம் எவ்வளவு கரையும் என்பதை அன்று.

சாயக் கரைப்பு, சாயம் தங்கும் இடத்தைப் பொறுத்தது. பாலிஆக்சிஎத்திலீன் சங்கிலியுடைய அயனியிலிகளில் அசோ சாயங்கள் உட்கருவில் மட்டுமன்றி அச்சங்கிலிப் புறப்பகுதியிலும் தங்கக்கூடும். எதிர்மின் தலைகள் அங்கு நுழைந்து சங்கிலிகளோடு வலுவாகப் பிணைந்தால், சாயத்திற்குரிய இடம் சுருங்கவும் கூடும். முறிவுப்புள்ளி தாழ்ந்தும் சாய்வு குறையும் நிலை இவ்வாறு தோன்றுகிறது. ஆகவே, பீட்டா அட்டவணையை மட்டும் நோக்கிச் சாயமேற்றத்திற்குரிய கலவையைத் தேர்வது, மக்பெயின் வரைபடத்தின் ஒரு பாதியை மட்டும் படிப்பதாகும்.