பனி இல்லாத குளிர்கால ஒலிம்பிக்

குளிர்கால ஒலிம்பிக் நடத்த முதலில் வேண்டியது பனி. 1964-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் இல்லாமல் போனது அதுதான். ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர்! ஆனால் அந்த வருடம் சரிவுகளில் பனி போதவில்லை.

பனி மெல்லியதாக இருந்தால் அடியில் இருக்கும் கல்லும் வேரும் ஸ்கீ பலகையில் தட்டும். வேகமாக வருபவருக்கு அது ஆபத்து. எனவே ஆஸ்திரிய ராணுவம் வரவழைக்கப்பட்டது. வீரர்கள் சுமார் 40,000 கனமீட்டர் பனியைக் கொண்டுவந்து சறுக்குப் பாதைகளில் கொட்டி, காலால் மிதித்து இறுக்கினார்கள். பாப்ஸ்லெட், லூஜ் தடங்களுக்கு மட்டும் 20,000 பனிக்கட்டிகளை வெட்டி எடுத்து வந்தார்கள்.

போட்டி நடந்தது. ஆனால் தொடக்க விழாவுக்கு 4 நாள் முன்பு, ஜனவரி 25 அன்று, பயிற்சியில் இருந்த 19 வயது ஆஸ்திரேலிய வீரர் ராஸ் மில்ன் பாதையை விட்டு விலகி மரத்தில் மோதி இறந்தார். அனுபவக் குறைவே காரணம் என்பதுபோல் ஒலிம்பிக் தரப்பு பேசியது. அணி மேலாளர் அதை ஏற்கவில்லை. பாதையில் கூட்டம், மில்ன் வேகத்தைக் குறைக்க வேண்டிவந்த இடமோ நிற்கவும் திரும்பவும் தயார் செய்யப்படாத இடம் என்றார்.

1980-ல் லேக் ப்ளாசிட் ஒலிம்பிக்கில் செயற்கைப் பனி வந்தது. 2022 பெய்ஜிங்கில் கிட்டத்தட்ட எல்லாமே இயந்திரப் பனிதான். பனியை இன்று தயாரித்துவிடலாம். எவ்வளவு அகலத்துக்குப் போடுவது என்பதை மட்டும் இன்னமும் மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.